அரைப்பேரும் போகாத வைத்தியம்

புசல்லாவை தாண்டி நுவரெலியாவுக்கு ஏறுகிற பஸ்ஸில், இறம்பொடை வளைவுகள் வந்ததும் சிலர் சட்டென்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். அங்கே சின்மயா மிஷன் எழுப்பிய கோயிலில் பக்த அனுமன் கருங்கல்லில் நெடிதுயர்ந்து நிற்கிறார். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. சீதையைத் தேடி வந்தவர் கால்வைத்த மலை இதுதான் என்பது ஊரார் நம்பிக்கை. ஆனால் வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் அவரைக் கும்பிட இன்னொரு காரணமும் உண்டு. இலக்குவன் மூர்ச்சையாகிக் கிடந்தபோது மூலிகைக்குப் போனவர் அவர். எந்தச் செடி என்று நின்று தேடினால் உயிர் போய்விடும் என்பதால் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தார். வரும் வழியில் அது சிந்திய துண்டு எங்கள் ஊரில்தான் கிடக்கிறது என்று காலிப் பக்கத்து ரூமஸ்ஸல, குருநாகல் பக்கத்துத் தொலுகந்த, அநுராதபுரப் பக்கத்து ரிட்டிகல என்று பல இடங்கள் இலங்கையில் உரிமை கொண்டாடுகின்றன.

கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதில் மந்திரம் குறைவு, ஓட்டம்தான் அதிகம். மருந்து இன்னதென்று சொன்னவர் வயதும் அனுபவமும் உள்ள சாம்பவான். கொண்டுவந்து சேர்த்தவர் அனுமன். நல்ல வைத்தியர் ஒருவர், வேகமான வாகனம் ஒன்று.

இறம்பொடையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு கண்டால் அந்த இரண்டும் எப்போதும் கைக்கெட்டுவதில்லை. உடுக்கடித்துப் பேயோட்டும் கோடாங்கி எட்டுவார். இரண்டு லயம், அதாவது இரண்டு வரிசை வீடு தள்ளிக் குடியிருப்பவர். பகலில் அவரும் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்தான்.

கோடாங்கி வந்து உட்காரும் விதமே தனி. சூடம் கொளுத்தி, வெற்றிலையில் விபூதி கொட்டி, எலுமிச்சம்பழங்களை வரிசையாக வைப்பார். உடுக்கின் கயிற்றை இடது உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்ததும் அதன் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே காம்பராவில் இருப்பவர்களுக்குப் பாதி பயம் வந்துவிடும், மீதிப் பாதிக்கு நிம்மதி வந்துவிடும். பிறகு கேள்விகள். யார் நீ? எங்கேயிருந்து வந்தாய்? எதற்காக இந்தப் பிள்ளையைப் பிடித்தாய்? உனக்கு என்ன வேண்டும்? தலைவிரி கோலமாக ஆடுகிற பெண் பெரும்பாலும் இளம்பெண்ணாக இருப்பாள். கலியாணமான புதிதில், அல்லது கலியாணம் தள்ளிப்போன நேரத்தில் இருப்பாள். அவள் வாயிலிருந்து பேய் பேசும். மாமியாரைத் திட்டும். புருஷனின் குடியைச் சபையில் போட்டு உடைக்கும். பிடிக்காத சம்பந்தத்தைப் பற்றிப் பேசும். அவளாகப் பேசியிருந்தால் கன்னத்தில் அறை விழுந்திருக்கும். பேய் பேசியதால் எல்லாரும் பயபக்தியோடு கேட்கிறார்கள். கடைசியில் உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணி அடிப்பார்கள், முச்சந்தியில் எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போடுவார்கள், இனி வரமாட்டேன் என்று பேய் சத்தியம் செய்யும். காலையில் வீடு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை அந்தப் பெண்ணிடம் அதற்கு முன்னால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

பகுத்தறிவு பேசும் நகரத்து எழுத்துகளில் மலையகத்துக் கோடாங்கி எப்போதும் கேலிக்குரியவராகவே வருகிறார். படிப்பறிவில்லாத சனம், ஏமாற்றுகிற பூசாரி என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். தோட்டத்துக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாத நாளில் கூலி இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக ஆனதே 2021-இல்தான், அதுவும் எத்தனை ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நோயாளிக்கு ஒரு பேர், கூடப் போகிறவருக்கு ஒரு பேர், பஸ் காசு, சாப்பாடு. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர் முழுப் பட்டம் பெற்ற டொக்டர் அல்ல, தோட்ட வைத்திய உதவியாளர். அவரும் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்துப் பார்ப்பவராக இருக்கலாம். அவர் துண்டு கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே வரிசையில் நின்று முறை வரும்போது கேள்வி சிங்களத்தில் வரும். வயிற்றில் எந்தப் பக்கம் வலி, எப்போதிருந்து வலி, குத்துகிறதா எரிகிறதா என்பதையெல்லாம் தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லுக்குள் அடக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் மாத்திரைப் பொட்டலம் கைக்கு வரும்.

கோடாங்கி இரவில் வருகிறார். வீட்டுக்கே வருகிறார். மூன்று மணி நேரம் இருக்கிறார். தமிழில் கேட்கிறார். அவர் வந்ததால் அரைப்பேரும் போவதில்லை.

நிலைமை முன்னைப் போலவே இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு இந்திய உதவியில் எழுந்த ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்தார். நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசம். ஆனால் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990-களில் தொடங்கி, பாதியிலேயே நொண்டிக்கொண்டு நிற்கிறது. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குகிற கல்லும் குழியுமான பாதை பல தோட்டங்களில் அன்றிருந்த அதே பாதைதான்.

மலையகத்துச் சாமிகளைப் பார்த்தாலே இந்தச் சனம் எதற்குப் பயந்து வாழ்ந்தது என்பது தெரியும். தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதற்கு ஒரு சாமி, ரோதைமுனி. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்தியை வைத்துக் கும்பிடுவதற்குக் கவ்வாத்துச்சாமி. காட்டோரத்தில் முனியாண்டி. அம்மைக்கும் வாந்திபேதிக்கும் மாரியம்மன். இவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாக நடந்தே, வழிநெடுக வாந்திபேதியில் செத்துச் செத்து வந்தவர்கள். கை நசுங்கக்கூடிய இடம், கால் வெட்டுப்படக்கூடிய இடம், உயிர் போகக்கூடிய இடம் எதுவோ அங்கெல்லாம் ஒரு கல்லை நட்டுப் பொட்டு வைத்தார்கள். பாதுகாப்பு வேலியும் முதலுதவிப் பெட்டியும் இருந்திருக்க வேண்டிய இடங்கள் அவை. துரைமார் வைக்கவில்லை, சனம் சாமியை வைத்தது.

கோடாங்கி தருவது ஆறுதல் என்பதோடு நிறுத்திக்கொண்டால் வம்பில்லை. குணமும் தருகிறார் என்று ஊர் நம்புகிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஊர் சும்மா நம்பவில்லை. கண்ணால் கண்டு நம்புகிறது. பாம்பு கடித்தவனுக்கு மந்திரித்தார், பிழைத்தான். மஞ்சள் காமாலைக்காரிக்கு வேப்பிலை அடித்தார், மூன்று வாரத்தில் கண் வெளுத்தது.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2012-13 காலத்தில் இலங்கை முழுவதும் வீடு வீடாகக் கேட்டு ஒரு ஆய்வு நடந்தது. அதன்படி ஓராண்டில் பாம்புக்கடி சுமார் 80,000. விஷம் ஏறியது சுமார் 30,000 பேருக்கு. இறந்தவர்கள் 400-க்கு மேல். அதாவது பத்துப் பேரைப் பாம்பு கடித்தால் ஆறு பேருக்கு விஷமே ஏறுவதில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். இந்த ஆறு பேருக்கும் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், பாட்டுப் பாடினாலும் பிழைப்பார்கள். விஷம் ஏறியவர்களிலும் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். ஆகவே விஷக்கடி மந்திரவாதியின் கணக்கில் வெற்றி எப்போதும் மலைபோல் குவிந்திருக்கும். செத்தவனுக்கு விதி முடிந்துவிட்டது என்று பேர். மஞ்சள் காமாலையும் அப்படியே. தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் அதே காமாலையில் ஒரு வகை கர்ப்பிணிகளைக் கொன்றுவிடும். எந்த வகை என்பதை வேப்பிலை சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

மந்திரத்தையும் மூலிகையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதும் தப்பு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்ப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த கைமருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் அதைச் சோதனைக்கு எடுத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் பி வைரஸைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கே அப்படி ஆனது என்றும் 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டிக்கு இதில் அவமானம் ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்க முடிந்தது, அதுதான் மருந்துக்குள்ள மரியாதை. மந்திரத்தை அப்படிச் சோதிக்க எந்த மந்திரவாதியும் சம்மதிக்க மாட்டார். இலங்கையில் 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யுனானியையும் ஏற்று, வைத்தியர்களைப் பதிவு செய்ய வழி செய்தது. இலையையும் வேரையும் படித்தவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. உடுக்குக்கு இடம் இல்லை. கிராமத்தில் இரண்டும் ஒரே ஆளின் கையில் இருப்பதால்தான் குழப்பம்.

மந்திரத்தின் பக்கம் திரும்பினால், கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடி ஒன்றில் குவெஸலித் என்று ஒருவர் இருந்தார். மந்திர வைத்தியர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதை அம்பலப்படுத்தவே அவர்களிடம் சீடராகச் சேர்ந்தார். தந்திரத்தைக் கற்றுக்கொண்டார். வாயோரத்தில் ஒரு பறவையின் மென்சிறகை ஒளித்து வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்து ரத்தம் வரவழைத்து, நோயாளியின் உடம்பில் வாய்வைத்து உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி, ரத்தம் தோய்ந்த சிறகைத் துப்பி, இதோ உன் நோய் என்று காட்டுவது. அம்பலப்படுத்தப் போனவர் கையில் நோயாளிகள் குணமாகத் தொடங்கினார்கள். கடைசியில் அவரே பெயர்பெற்ற மந்திர வைத்தியராகிவிட்டார். பிரெஞ்சு மானுடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் 1949-இல் எழுதிய கட்டுரையால் உலகம் அறிந்த கதை இது. தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குத் ‘தொக்கம் எடுக்கிறோம்’ என்று வயிற்றிலோ தொண்டையிலோ ஊதி உறிஞ்சி, எப்போதோ தின்ற சோற்றுப் பருக்கையைத் துப்பிக் காட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குக் குவெஸலித் பக்கத்துத் தெருக்காரராகத்தான் தெரிவார். வித்தை ஒன்றுதான். கடல்தான் வேறு.

குவெஸலித்தின் நோயாளிகள் ஏன் குணமானார்கள் என்பதற்கு அருகிலேயே ஒரு தடயம் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த மனநல மருத்துவர் ரகுராமும் நண்பர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தீவிர மனநோய் உள்ள 31 பேர், சராசரியாக ஐந்தாறு வாரம் கோயிலில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்கு மாத்திரை இல்லை. பேயோட்டும் சடங்கும் இல்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், கோயில் வேலைகளில் கைகொடுக்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நோயின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு இது நிகர் என்றார்கள் அவர்கள். சின்ன ஆய்வுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு. ஆனாலும் அங்கே வேலை செய்தது மந்திரம் என்பதைவிட, அடிக்காமல் கட்டாமல் மனுஷராக நடத்திய இடம் என்றுதான் படுகிறது.

கட்டி வைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா அருளால் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னர் தமிழ்நாட்டு அரசு ஏர்வாடியிலும் திருச்சிப் பக்கத்துக் குணசீலத்திலும் மனநல மருத்துவர்களைக் கொண்டுபோய் வைத்தது. துவாவும் நடக்கட்டும், மருந்தும் சாப்பிடட்டும் என்ற ஏற்பாடு. பூசாரிகளை விரட்டாமலே செய்த காரியம் அது. இந்த விஷயத்தில் தமிழ் பேசும் உலகம் செய்த உருப்படியான காரியங்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

தோட்டத்துக் கோடாங்கி ஒரு சின்ன ஆள். அவருடைய எல்லை நாலு லயம். நாட்டுக்கே கோடாங்கி கிடைத்தபோது என்ன நடந்தது என்பதை 2020 காட்டியது.

அந்த நவம்பரில், கொவிட்டை ஒழிக்க மந்திரித்த தண்ணீர்க் குடங்களை அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் வேறு அரசியல்வாதிகளும் ஆற்றில் ஊற்றினார்கள். குடங்களுக்குப் பின்னால் இருந்தவர் எலியந்த வைட் என்ற மந்திர வைத்தியர். சச்சின் டெண்டுல்கர், கௌதம் கம்பீர், ஆஷிஷ் நெஹ்ரா போன்ற கிரிக்கெட் வீரர்கள் காயத்துக்கு அவரிடம் போய் வந்தது பெரிய செய்தி. ராஜபக்ஷ குடும்பத்துக்கும் வேண்டியவர். அடுத்த மாதம் கேகாலை ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்ற காளி பக்தர் ஒரு பாணியைக் காட்டினார். தேனும் சாதிக்காயும் சேர்ந்தது. செய்முறையைக் காளியே சொன்னாள், குடித்தால் ஆயுளுக்கும் கொவிட் வராது என்றார். ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது, அதுவும் கூட்டம் கூடக்கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில். சுகாதார அமைச்சர் கமராவுக்கு முன்னால் பாணியைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்குக் கொவிட் தொற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து டொக்டர்கள் கவனித்து மீண்டார். எலியந்த வைட் அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் திகதி கொவிட்டாலேயே இறந்தார். வயது 48.

எவருடைய சாவிலும் எக்களிக்க ஒன்றுமில்லை. கோபம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். இறம்பொடையில் கொழுந்து பறிக்கிற பெண் டிஸ்பென்சரி மூடியிருந்ததால் விபூதி பூசிக்கொள்கிறாள். அமைச்சருக்கு அப்படி என்ன நெருக்கடி? நாட்டின் சிறந்த டொக்டர்களும் ஆய்வுகூடங்களும் அவர் கீழேயே இருந்தார்கள். வழியில்லாமல் மந்திரத்தை நாடுகிறவரையும், எல்லா வழியும் இருந்தும் அதை மேடையேற்றுகிறவரையும் மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் அடிப்பது அநியாயம். முதலாவது ஆளுக்குத் தேவை ஒரு டொக்டர். இரண்டாவது ஆளிடம் கேட்க வேண்டியது விளக்கம்.

ஆகவே உடுக்கைப் பறிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பறித்தால் அடுத்த லயத்தில் இன்னொன்று அடிக்கும். செய்யக்கூடியது, கோடாங்கி எதனால் ஜெயிக்கிறாரோ அதை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவருவது. வேலை முடிந்து கொழுந்து நிறுத்த பிறகு, மாலை ஐந்து மணிக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். தமிழில் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். தாதியும் மருந்தாளரும் மலையகப் பிள்ளைகளிலிருந்தே வரட்டும். உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கிறவர்கள் எத்தனை பேர். ஆஸ்பத்திரித் துண்டு காட்டினால் அன்றைய பேர் வெட்டுப்படாது என்று கம்பனிகள் எழுதிக் கொடுக்கட்டும். அரைப்பேருக்குப் பயந்து நாள் கடத்தியவர்கள்தான் கடைசியில் லொறியில் படுத்துப் போகிறார்கள்.

கோடாங்கிகளிடமும் பேச வேண்டும், கும்பிட்டே பேசலாம். ஏர்வாடி வழி இங்கேயும் நடக்கும். பேயை விசாரிக்கட்டும், பெண்ணின் மனக்குறையை வெளியே கொண்டுவரட்டும், எலுமிச்சம்பழம் வெட்டட்டும். ஆனால் பாம்புக்கடி, வலிப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கர்ப்பிணிக்குக் காமாலை, மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சல், சாகப்போகிறேன் என்று சொல்கிற வாய் ஆகியவற்றில் அவர் கைவைக்கக் கூடாது. அடித்தல், சூடு வைத்தல், கட்டிப்போடுதல் சடங்கில் சேராது. அதற்குப் பொலிஸ் இருக்கிறது. ஊரில் அவர் சொன்னால் கேட்பார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அவர் வாயால் சொன்னால் எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட அது வேகமாக வேலை செய்யும்.

அதுவரைக்கும் இதை வாசிக்கிறவர்கள் லயத்துச் சுவரில் ஒரு எண்ணைக் கரித்துண்டால் எழுதி வைக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ், 1990. காசு கேட்க மாட்டார்கள். விபூதியை வண்டிக்குள் ஏறிய பிறகும் பூசிக்கொள்ளலாம்.